உச்சி வெயிலில் அழுத மூன்று குழாய்கள்

பேய் எந்தச் சுருதியில் அழும் என்று உங்களால் சொல்ல முடியுமா? கொலுசுச் சத்தம் கேட்டது, முருங்கை மரத்தில் உருவம் தெரிந்தது என்று அடித்துப் பேசுகிறவர்கள் யாராவது, அது எந்தக் கட்டையில் அழுதது என்று ஒருநாளாவது சொன்னது உண்டா?

மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் சகாயமேரியைக் கேட்டால் சொல்லுவாள். ஜி, பி, டி ஷார்ப். கீபோர்டில் அந்த மூன்று கட்டைகளையும் சேர்த்து அழுத்தினால் என்ன சத்தம் வருமோ, அதுதான் பதினோரு மாதமாக உச்சிப் பொழுதில் உப்பளத்தில் அழுதுகொண்டிருந்தது. ஊரே காதைப் பொத்திக்கொண்டு ஓடியது. அவள் ஒருத்திதான் உட்கார்ந்து அதற்கு விரல் வைத்துப் பார்த்தாள்.

சகாயமேரிக்கு நாற்பத்தொரு வயது. பதினேழு வயதில் உப்புக்கூடை தூக்கத் தொடங்கியவள். விடியுமுன் பாத்தியில் இறங்கி, ஆண்கள் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளிக் கரைக்குச் சுமந்து கொட்டுவாள். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, விரல் வெடிப்புகளில் தேங்காயெண்ணெய் தடவுவது. அடுத்த வேலை, பழைய புடவையால் மூடி வைத்திருக்கும் கீபோர்டைத் திறப்பது. வெடித்த விரலால் கட்டையை அழுத்தினால் சுரீர் என்று இழுக்கும். அழுத்தத்தான் செய்வாள்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்படியொரு மழைக்காலத்தில் ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் கூட்டிப் பெருக்கப் போயிருந்தபோது, அந்தக் கீபோர்டைக் குப்பையோடு வெளியே வைத்திருந்தார்கள். "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகி, இரண்டே வருடத்தில் காலனி மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். "உப்புக்கூடை தூக்குறவ கீபோர்டு வாசிக்கிறாளாமே" என்று மெயின் ரோட்டுக் கோயில்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கள் கோயிலில் வாசிக்க ஆள் இல்லாத நாளிலும் அவர்கள் அவளைக் கூப்பிட்டதில்லை. இரண்டு தெருவும் கும்பிடுவது ஒரே சாமியைத்தான். புதைக்கிற இடம் மட்டும் வேறு வேறு.

உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. சைக்கிள் செயினையும் ஜன்னல் கம்பியையும் தின்றுவிட்டுக் கீபோர்டுக்குள்ளும் புகுந்தது. நடுவில் இருந்த ஜி கட்டை ஒரு சனிக்கிழமை செத்துப்போனது. அழுத்தினால் டொக் என்ற வெறும் சத்தம்தான் வந்தது. மறுநாள் பூசை. சி மேஜர் கார்டுக்கு சி, ஈ, ஜி என்று மூன்று கட்டைகளை ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஜி இல்லை. ஒட்டினாற்போல் ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறதே, ஜிக்குப் பதில் அதைப் பிடித்தால் போயிற்று என்று நினைத்துவிட்டாள். கால் ஒடிந்த கட்டிலுக்குச் செங்கல் வைக்கிற கணக்கு.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. சி, ஈ, ஜி ஷார்ப் என்று பிடித்தாள். பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதி வரியில் நின்றுவிட்டார்கள். கோயிலுக்குள் ஏதோ ஒன்று தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி, இறங்க இடம் தெரியாமல் நிற்பது போல இருந்தது. 

பூசை முடிந்ததும் அவளுடைய தம்பி ஜான்சன் ஓடிவந்தான். மைக்செட் வாடகைக்கு விடுகிறவன்.

"இன்னாக்கா இது? காணிக்கைப் பாட்டுக்குப் பேய்ப் படத்து மியூசிக் போடுறே? ஃபாதர் கையில இருந்த அப்பம் ஆடிப்போச்சி தெரியுமா?"

"ஜி செத்துப்போச்சிடா."

"அதுக்கு? ஆவியா வந்து வாசிச்சிச்சாக்கும்?"

அன்று மத்தியானமே வீடியோ தேடினாள். தெரியாமல் பிடித்ததற்கு ஆக்மென்டட் கார்டு என்று பெயர் இருந்தது. கட்டைகளை எண்ணிப் பார்த்தாள். மேஜர் கார்டில் முதல் கட்டையிலிருந்து இரண்டாவதுக்கு நாலு படி, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மூன்று படி. அந்த ஏற்றத்தாழ்வு இருப்பதால்தான் எது தலை, எது கால் என்று காது கண்டுபிடிக்கிறது. இதிலோ நாலு, நாலு. மூன்றாவதிலிருந்து மேலே வரும் அடுத்த சி வரைக்கும் எண்ணினால் அதுவும் நாலு. மூன்று பேர் சம தூரத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் நான்தான் வீட்டுக்காரன் என்பார்கள். யாரையும் பொய்யன் என்று சொல்ல வழியில்லை. காது வாசலைத் தேடித் தேடிச் சுற்றுகிறது. அந்தச் சுற்றல்தான் மயிர்க்கூச்செறிய வைக்கிறது.

அந்தக் கார்டில் தங்கக் கூடாது, அதைக் கடந்து போக வேண்டும் என்பதையும் அவளே வாசித்து வாசித்துக் கண்டுகொண்டாள். சி மேஜரில் நின்றபடி ஜியை ஒரு படி ஏற்றினால் பாட்டு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அதையே இன்னொரு படி ஏற்றி எஃப் மேஜரில் இறக்கினால் மூச்சை விடும். புனித வெள்ளிப் பாட்டில் ஒரே ஓர் இடத்தில் அதை வைத்தாள், ஆணி அடிக்கும் வரிக்கும் அதற்கு அடுத்த வரிக்கும் நடுவில். கோயிலில் ஒருவரும் இருமவில்லை. ஜான்சன் பிறகு ஈயம் வைத்து ஜிக்கு உயிர் கொடுத்தான். செத்த கட்டை சொல்லிக்கொடுத்ததை அவள் மறக்கவில்லை.

அவள் தோழி கொளஞ்சியம்மாள் செத்தது போன சித்திரையில். இருபது வருடம் ஒரே வரப்பில் உட்கார்ந்து ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடித்தவர்கள் இருவரும். உப்பளத்தின் கிழக்கு மூலையில் தகரத்தால் அடைத்த ஒரு மோட்டார் கொட்டகை உண்டு. பூமிக்குள்ளிருந்து உப்புத் தண்ணீரை இறைக்க அங்கே மூன்று குழாய் இறக்கியிருந்தார்கள். இரண்டு பிளாஸ்டிக், ஒன்று பழைய இரும்பு. அன்றைக்கு வேலை முடிந்து கால் கழுவப் போன கொளஞ்சியம்மாள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தபோது இரும்புக் குழாயைப் பிடித்தபடி கிடந்தாள். கண் திறந்தே இருந்தது.

மாரடைப்பு என்று எழுதினார்கள். எழுதியவர் கையைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. முதலாளி அனுப்பிய வண்டியிலேயே உடம்பு ஊருக்கு வந்தது. அறுத்துப் பார்க்கலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் எரித்தாகிவிட்டது. குளிப்பாட்டும்போது சகாயமேரி அவள் விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையில் குறுக்கே தீய்ந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டு, "முனி அறைஞ்ச தடம்டி" என்று கிசுகிசுத்தார்கள்.

முதலாளி கொட்டகைக்கு ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னார். பிளாஸ்டிக் குழாய்களில் இருந்த பம்புகளைக் கழற்றி எடுத்துப்போனார்கள். இரும்புக் குழாயில் இருந்த பழைய மோட்டாரை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் அந்த அழுகை ஆரம்பித்தது.

உப்பளத்தில் உச்சிப் பொழுது எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நிழலே கிடையாது. கீழேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை. கண் கூசி, தூரத்தில் நிற்கும் ஆள் இடுப்புக்கு மேல் மட்டும் மிதப்பான். காலையெல்லாம் செத்துக்கிடந்த காற்று பன்னிரண்டு மணிவாக்கில் கடல் பக்கத்திலிருந்து திரும்பும். அது திரும்பிய நிமிடத்தில் அந்தச் சத்தம் வரும். ஒரு தொண்டையில் மூன்று பேர் சேர்ந்து ஊளையிடுவது போல. எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. நடுவில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

கிழக்கு மூலைப் பாத்திகளில் இறங்க ஆள் வரவில்லை. பதினோரு மணிக்கே எல்லாரும் கரையேறிவிடுவார்கள். கொளஞ்சியம்மாளின் ஒரே மகள் வைஜெயந்தி மட்டும் போக மாட்டாள். பத்தொன்பது வயதுப் பெண். அம்மாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தவள், தினமும் உச்சி வேளையில் வரப்பின் நுனிவரை போய்க் கிழக்கே பார்த்தபடி நிற்பாள். சோறு இறங்கவில்லை. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"மேரிக்கா, எங்கம்மா கூப்புடுது. உனுக்குக் கேக்கலியா?"

"கேக்குதுடி."

"போவவும் இல்ல, வரவும் இல்ல. நடுவுல நின்னுக்கினு இருக்குதுக்கா, பாவம்."

அந்த வார்த்தை சகாயமேரியை உலுக்கியது. நடுவில் நிற்கிறது. இதை அவள் முன்பே எங்கோ கேட்டிருக்கிறாள்.

மறுநாள் கீபோர்டுக்குப் பேட்டரி போட்டு, தலையில் முக்காடு இட்டு, கிழக்கு வரப்பில் போய் உட்கார்ந்தாள். உச்சி வெயிலில், ஆளரவமற்ற வெள்ளைக் காட்டில், மடியில் கீபோர்டோடு ஒரு பெண். தூரத்தில் ரோட்டில் போனவர்கள் அவளையும் பேய் பிடித்துவிட்டதாகத்தான் ஊரில் சொன்னார்கள். காற்று திரும்பியது. ஊளை எழுந்தது. விரல்கள் தாமாகவே தேடின. பி கிடைத்தது. நாலு படி மேலே டி ஷார்ப். பிக்கு நாலு படி கீழே ஜி. நாலு, நாலு, நாலு. இது கோயிலில் கேட்ட சத்தத்தின் கூடப்பிறந்தது.

பேய்க்கு இசைக் கணக்கு தெரியுமா என்ன? தற்செயல்தான். தற்செயல் என்று தெரிந்தும் இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

நாலு நாள் உட்கார்ந்தாள். நாலாம் நாள் ஒன்று உறைத்தது. காற்று தளர்ந்தால் பியும் டி ஷார்ப்பும் மெலிகின்றன, வீசினால் வீங்குகின்றன. ஜி மட்டும் அப்படியே இருக்கிறது. கீபோர்டில் ஜியை அழுத்திப் பார்த்தாள். அந்தச் சத்தம் அவளுடைய ஜியைவிட ஒரு மயிரிழை கூடுதல். இரண்டும் உரசி, வ்வா, வ்வா என்று நொடிக்கு இரண்டு அலை அடித்தது. யாரோ காதருகில் மூச்சு விடுவது போல. காற்று ஏறியது, இறங்கியது, அந்த மூச்சு மட்டும் தவறவே இல்லை. உயிருள்ள எதுவும் அப்படி மூச்சு விடாது.

அவள் உதடு திடீரென்று கூசியது. போன வருடம் கோயிலில் மைக்கில் வாய் வைத்தபோது சுர்ரென்று இழுத்ததே, அதே கூச்சம். அன்றைக்கு ஸ்பீக்கர் ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருந்தது. ஜான்சன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான். "எர்த் கட்டாயிடுச்சிக்கா. ஸ்பீக்கர் முனகினா மைக்கைத் தொடாதே, ஆளைத் தூக்கிடும்" என்றான். அந்த முனகலும் இதே ஜிதான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று சுற்றும். அதில் ஓடும் மோட்டார் நூறு முறை அதிரும். நூறு அதிர்வு ஜிக்கு ஒரு மயிரிழை மேலே. இதெல்லாம் அவளுக்குக் கணக்காகத் தெரியாது. காதுக்குத் தெரிந்திருந்தது.

இதற்குள் ஊரில் வேறொரு முடிவு எடுத்துவிட்டார்கள். பூசாரி மண்ணாங்கட்டி குறி சொல்லியிருந்தார். வரும் வெள்ளிக்கிழமை வருடத் திதி. அன்று உச்சிப் பொழுதில், ஆவி அழும் நேரத்தில், பெற்ற மகள் ஈர மஞ்சள் புடவையோடு, வெறுங்காலில், செத்த இடத்தில் ஏழு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு அந்த இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்து, போய்ட்டு வாம்மா என்று மூன்று முறை சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை உச்சியில் சகாயமேரி தனியாகக் கொட்டகைக்குப் போனாள். கிட்டே போகப் போக ஊளை நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே கேட்டது. வெளியே வாய் திறந்து நின்ற இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள். ஒன்று மற்றதைவிட அரைச் சாண் உயரம். புட்டி வாயில் ஊதினால் சத்தம் வருமே, அப்படிக் கடற்காற்று அவற்றின் வாயில் உரசிப் போய்க்கொண்டிருந்தது. கொண்டுபோன கோணியைக் கிழித்து உயரமான குழாய்க்குள் திணித்தாள். ஊளையில் ஒரு குரல் அறுந்து விழுந்தது. அடுத்த குழாயில் திணித்தாள். இன்னொரு குரல் விழுந்தது.

அழுகை நிற்கவில்லை. தகரத்துக்குப் பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று, ம்ம்ம் என்று, வாய் மூடி அழுதுகொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தாள். இரும்புக் குழாய் துருவும் உப்பும் பூத்து நின்றது. அதைச் சுற்றி ஈர மண்ணில் நண்டுகள் கிடந்தன. பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாம் கால் மடக்கிச் செத்தவை. சற்றுத் தள்ளி ஒரு கொக்கு, உப்பு படிந்து பொம்மை மாதிரி. அவள் கை, பழக்கத்தில், குழாயைத் தொட்டுப் பார்க்க நீண்டது. உதடு கூசியது. கையை இழுத்துக்கொண்டாள். காய்ந்த வரப்புவரை திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தாள்.

சாயங்காலம் மேஸ்திரி பக்கிரியைத் தேடிப் போனாள். உப்பளத்தில் முதலாளிக்கு வாயும் கையும் அவர்தான்.

"மேஸ்திரி, அந்த இரும்புக் குழாயில கரண்ட் இருக்குது. நாளைக்கி அந்தப் பொண்ணைத் தொட விடாதீங்க."

"இன்னா மேரி, வெயில்ல குந்திக் குந்தி மூளை காய்ஞ்சிடுச்சா? ஃபியூஸு என் வீட்டுப் பரண்ல கெடக்குது. பதினோரு மாசம் ஆவுது."

"அப்ப உள்ள ஓடுற மோட்டாரு எதுல ஓடுது?"

பக்கிரி வெற்றிலையை மறு கன்னத்துக்கு மாற்றினார். "எந்த மோட்டாரு?"

"ஜியில ஓடுதே, அந்த மோட்டாரு."

"ஜியாவது கிஜியாவது. உங்க கோயில்ல நீ மணி அடிக்கிறே, நாங்க வந்து மறிச்சமா? எங்க பூசையில உனுக்கு இன்னா வேலை? நாளன்னிக்கி கூடை தூக்கணும்னு ஆசை இருக்குதா, இல்லையா?"

வைஜெயந்தியிடம் போனாள். அந்தப் பெண் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அது உங்கம்மா இல்லடி."

"அப்ப யாரு?"

"உங்கம்மாவைக் கொன்னது."

வைஜெயந்தி அம்மிக்குழவியை நிறுத்தவில்லை. "நீ வேதக்காரி, அப்படித்தான் சொல்லுவே. எனுக்கு எங்கம்மாவை அனுப்பி வெக்கணும்க்கா."

ஜான்சன் கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் போனை எடுத்தான். அவன் தன் ஆட்டோவை முறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. ஆட்டோ உச்சியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியபடியே இருந்தன. கீபோர்டை மடியில் வைத்துப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கொட்டகை முன்னால் நூறு பேர் இருக்கும். பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. அவள் திணித்த கோணியை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். சாமி வாயை அடைப்பதா என்று. ஊளை முழு வீச்சில் இருந்தது. நடுவில் வைஜெயந்தி, சொட்டச் சொட்ட மஞ்சள் புடவை, இடுப்பில் குடம், வெறுங்கால். ஆட்டோ நின்ற இடத்துக்கும் அவளுக்கும் நடுவே மூன்று பாத்தி. இரும்புக் குழாய்க்கு அவள் போக வேண்டியது பத்தே அடி.

"வைஜெயந்தி! நில்லுடி!" சகாயமேரியின் தொண்டை உடுக்கைக்கு எம்மாத்திரம்?

"மைக்கைக் குடுடா."

"பம்பையில எடுபடாதுக்கா."

அவள் கீபோர்டு ஒயரை நீட்டினாள். "கீபோர்டை மாட்டு. ஃபுல்லா வை."

ஜி, பி, டி ஷார்ப்.

பேய் பின்னாலிருந்து அழுதது.

பம்பை நின்றது. உடுக்கை நின்றது. நூறு பேரும் ஒருசேரத் திரும்பினார்கள். முன்னால் கொட்டகை அழுகிறது. பின்னால் வெள்ளை வெயிலுக்குள்ளிருந்து அதே குரல், அதே அழுகை, மும்மடங்கு சத்தமாக. இரண்டும் மோதிக் காற்றே விம்மி விம்மி மூச்சு விட்டது. ஒரு பெண் மயங்கி விழுந்தாள். வைஜெயந்தி திரும்பினாள்.

"அம்மா?"

பயத்தை எதிர்த்து நிற்க வந்தவள் பயத்தையே எடுத்து வீசினாள். அதில் சகாயமேரிக்கு இன்றைக்கும் பெருமை இல்லை. வேறு எதுவும் அந்த நிமிடத்தில் கைவசம் இல்லை. அவள் கார்டை விடவில்லை. விரல் வெடிப்பில் இரத்தம் கசிந்து கட்டை வழுக்கியது. இதை எப்படி இறக்குவது என்று அவளுக்குத் தெரியும்: பியை ஒரு படி, டி ஷார்ப்பை ஒரு படி ஏற்றினால் போதும், சி மேஜர் வந்துவிடும், எல்லாரும் மூச்சு விடுவார்கள். அந்த மூச்சை விட அவள் விடவில்லை. இறங்க இடம் தேடும் அந்தச் சத்தம் வைஜெயந்தியை ஈர மண்ணிலிருந்து ஒவ்வோர் அடியாக வெளியே இழுத்தது. மூன்று பாத்தியையும் கடந்து, காய்ந்த வரப்பில் ஏறி, குடத்தைக் கீழே வைத்தாள் அவள்.

அப்போதுதான் இரண்டு விரல்கள் நகர்ந்தன. சி மேஜர். முடிச்சு அவிழ்ந்த மாதிரி கூட்டமே பெருமூச்சு விட்டது. ஜி மேல் இருந்த விரல் மட்டும் நகரவில்லை. அந்த நிம்மதியான கார்டுக்குள்ளும் ஜி இருக்கத்தான் செய்கிறது.

"யாருடி அது, பேயை மைக்குல கட்டுனவ?" என்று கத்திக்கொண்டு வந்தார் பூசாரி மண்ணாங்கட்டி.

"பேயி இல்ல, பூசாரி. ரெண்டு குரலு காத்து. ஒண்ணு கரண்டு. நம்பலைன்னா பாருங்க."

ஜான்சன் ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பை எடுத்துவந்தான். ஒரு ஒயரை ஈர மண்ணில் செருகினான். மற்றதைக் காய்ந்த மூங்கில் நுனியில் கட்டி, ரப்பர் செருப்போடு தள்ளி நின்று, இரும்புக் குழாயில் வைத்தான். கொளுத்தும் வெயில். பல்பில் ஒன்றும் தெரியவில்லை.

"எங்க எரியுது? வெறும் பல்பைக் காட்டுறான் பாரு!" பக்கிரி சிரித்தார். இரண்டொருவர் சேர்ந்து சிரித்தார்கள்.

ஜான்சன் தோளில் இருந்த துண்டைப் பல்பின் மேல் போட்டான். "பூசாரி, உள்ள தலையை வுட்டுப் பாருங்க."

மண்ணாங்கட்டி குனிந்து துண்டுக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து ஓடியது.

"எரியுது" என்றார்.

வரிசையில் வந்து பார்த்தார்கள். சாமி பார்ப்பது போல ஒவ்வொருவராகக் குனிந்து, அந்தத் துணி இருட்டுக்குள் சிவப்பாய் எரியும் இழையைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கடைசியாக வைஜெயந்தி. அவள் வெளியே வந்ததும் சகாயமேரியைப் பார்க்கவில்லை. பக்கிரியின் காலைப் பார்த்தாள்.

"மாமா, உப்பளத்துல நாங்க எல்லாம் வெறுங்கால்ல நிக்கிறோம். கொட்டாய்க்குப் போவ சொல்ல நீ மட்டும் ஏன் ரப்பர் செருப்பு போட்டுக்கினு போவே?"

பக்கிரி வெற்றிலையைத் துப்பினார். "லேசா சுர்ருங்கும்மா. அவ்ளோதான். அது ஆளைக் கொல்லும்னு நான் நெனைக்கல. மொதலாளி சொன்னாரு, போஸ்ட்டுல கொக்கி போட்டு மத்தியானத்துல மட்டும் ஓட்டிக்கோ, ஆளு வராத நேரமா பாத்துன்னு. நானும் அந்த ஊளையைக் கேட்டு பயந்துக்கினுதான் சுவிட்சைப் போட்டுட்டு ஓடியாருவேன். இன்னிக்கும் கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

பேய் இருந்ததால் ஆள் வரவில்லை. ஆள் வராததால் திருட்டுக் கரண்டு ஓடியது. கரண்டு ஓடியதால் பேய்க்கு மூன்றாவது குரல் கிடைத்தது. கொளஞ்சியம்மாளைக் கொன்ற ஒயர், தன் பெயரைத் தானே பதினோரு மாதம் பட்டப்பகலில் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் அதைச் செத்தவள் குரல் என்று நினைத்தார்கள்.

கொக்கியை அறுத்தாயிற்று. அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். முதலாளி தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். காகிதத்தில் கொளஞ்சியம்மாள் இன்னும் மாரடைப்பில்தான் செத்திருக்கிறாள். மாற்றி எழுதச் சொல்லி வைஜெயந்தி தன் கைப்பட மனு எழுதிக் கொடுத்துவிட்டு அலைகிறாள். சாட்சி கேட்கிறார்கள். சாட்சி செத்தவள் உள்ளங்கையில் இருந்தது, அதை எரித்தாகிவிட்டது.

பிளாஸ்டிக் குழாய்கள் இன்னும் வாய் திறந்தே நிற்கின்றன. அடைக்க வேண்டாம் என்றவள் வைஜெயந்தி. உச்சிப் பொழுதில் இப்போது இரண்டு குரல்தான் அழும், பியும் டி ஷார்ப்பும். வேலை முடிந்து கிழக்கு மூலைப் பாத்தியிலிருந்து கூடையோடு கரையேறும் பெண்கள் அந்த நேரத்தில் தலை நிமிர்ந்து காதைத் தீட்டுவார்கள். மூன்றாவது குரல் வருகிறதா என்று பார்ப்பார்கள். சில நாள் சகாயமேரிக்கு அது கேட்பது போலவே இருக்கும். கூடையை இறக்கிவிட்டு, காற்று அடங்கும்வரை நின்று, இல்லை என்று உறுதியான பிறகுதான் காலை எடுத்து வைப்பாள்.

உங்கள் ஊரிலும் அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லப்பட்ட ஓர் இடம் இருக்கும். ஒரு மோட்டார் கொட்டகை, ஒரு கிணற்றடி, ஒரு பாழடைந்த ஆலை. நாளைக்கே போங்கள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, கரண்டு வேலை தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எதையும் தொடாதீர்கள். நின்று கேளுங்கள். காற்று அடங்கிய பிறகும் அடங்காத சத்தம் ஒன்று இருந்தால், அது யார் வீட்டு ஒயர் என்று ஊரைக் கூட்டிக் கேளுங்கள்.